கதவு சாத்தும் ஓசை

மலர்க் குழுவைச் சேர்ந்த அன்பர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, இலக்கியம் எழுதும் தகுதி எனக்கில்லை என்று சொல்லி நழுவப் பார்த்தேன். அவர் விடவில்லை. "உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதுங்கள், போதும்" என்றார். கல்லூரியில் வரலாறு படித்து பி.ஏ. பட்டம் பெற்றவன் நான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மைய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளில் குறிப்பு எழுதிக் காலம் தள்ளுகிறவன். இரண்டு நாள் எண்ணிப் பார்த்ததில், எனக்கு உண்மையாகவே நன்றாகத் தெரிந்த பொருள் என் பழைய மாருதி வேன் ஒன்றுதான் என்ற முடிவுக்கு வந்தேன். பத்து ஆண்டுகள் அதன் நோய்நொடிகளோடு வாழ்ந்தவன் ஆகையால் அதைப் பற்றியே எழுதுகிறேன். இலக்கிய மலரில் இஞ்சின் எண்ணெய் மணம் வீசினால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

தில்லியில் வாழும் நம்மவர்க்கு இந்த வேனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வெளிவந்தது. 1988-இல் ஆம்னி என்று பெயர் மாறியது. 2019-இல் உற்பத்தி நின்றது. இந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அது சுமக்காதது எது? ரொட்டி, முட்டை, பந்தல் சாமான், பள்ளிப் பிள்ளைகள், நோயாளிகள், கலியாண வீட்டுச் சீர்வரிசை, எல்லாம் அதில் ஏறி இறங்கின. இந்திப் படங்களில் ஆளைக் கடத்துகிறவர்கள் இந்த வண்டியைத்தான் நாடுவார்கள். பக்கவாட்டில் வழுக்கித் திறக்கும் கதவின் மகிமை அது. நான் வாங்கியதும் அந்தக் கதவுக்காகவே. ஊரிலிருந்து எங்களோடு வந்து தங்கிய என் அம்மாவுக்கு முழங்கால் வலி. மற்றக் கார்களில் குனிந்து நுழைவது அவருக்கு வதையாக இருந்தது. இதிலோ படியில் கால் வைத்து நிமிர்ந்தபடியே ஏறி அமர்ந்து விடலாம். 2008-ஆம் ஆண்டு, சேமநல நிதியிலிருந்து பணம் எடுத்து, 2003-இல் பதிவான வண்டி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன்.

வண்டியின் உடற்கூற்றையும் சிறிது சொல்லிவிட வேண்டும். 796 சி.சி. கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் உள்ள சிறிய இஞ்சின். அது இருப்பது முன் இருக்கைகளின் அடியில். இருக்கையைத் தூக்கினால்தான் இஞ்சினின் முகதரிசனம். நான்கே கியர்கள். இஞ்சினின் விசை ஒரு நீண்ட தண்டின் வழியே பின் சக்கரங்களுக்குப் போகிறது. பின்னால் மாட்டுவண்டிக்காரரும் புரிந்து கொள்ளக்கூடிய பட்டை வில்கள். இவ்வளவு எளிய அமைப்பு ஆதலால், வேன் வைத்திருப்பவர் எல்லாரும் தம்மைப் பாதி மெக்கானிக்காகவே கருதிக் கொண்டனர். நானும் விலக்கல்லன்.

இராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் குடியிருப்பின் பின்புறம் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் நிழலில் நான்கைந்து வேன்கள் நிற்கும். ஞாயிறு காலையில் அவற்றின் சொந்தக்காரர்கள் அங்கே கூடுவோம். யாரும் அழைப்பு விடுத்ததில்லை. ஒருவர் இருக்கையைத் தூக்கி வைத்தால் மற்றவர்கள் தேநீர்க் குவளையோடு வந்து சேர்ந்து விடுவார்கள், அவ்வளவுதான். எங்களுள் மூத்தவர் இராணுவத்தின் வாகனப் பழுதுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, மகனோடு தங்கியிருந்த சர்தார்ஜி. அடுத்தவர் வங்காளத்துக்காரர், அமைச்சகம் ஒன்றில் பிரிவு அதிகாரி. எல்லாருக்கும் அவர் தாதா. மூன்றாமவர் கேரளத்துச் சேட்டன். அவருடைய மனைவி மருத்துவமனையில் செவிலி. அவர் காலையும் பிற்பகலும் பள்ளி வேன் ஓட்டுவார். பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் பீகார் இளைஞர் ஒருவரும் உண்டு. நான் அவர்களுக்கு 'மத்ராஸி பாபு'. திருத்திப் பார்த்தேன், பயனில்லை.

நோய்களைச் சொல்வதில் ஒரு வேடிக்கை இருந்தது. தன் வண்டியில் கோளாறு என்று நேராக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "என் மைத்துனன் வண்டியில் ஒரு சத்தம்" என்றுதான் பேச்சுத் தொடங்கும். சர்தார்ஜி சிரிக்காமல், "உன் மைத்துனனின் இருக்கையைத் தூக்கு, பார்ப்போம்" என்பார்.

தாதாவின் வண்டி 1992-ஆம் ஆண்டினது, கார்புரேட்டர் உள்ளது. மே, ஜூன் வெயிலில் நெரிசலில் நின்றால் உயிரை விட்டுவிடும். இருக்கைக்கு அடியில் அடைபட்ட வெப்பத்தில் பம்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிப் பத்து நிமிடம் பொறுத்தால் வண்டி ஒன்றும் அறியாதது போலப் புறப்படும். தாதா கோடை முழுவதும் ஒரு குப்பி நீரும் பழைய துவாலையும் வைத்திருப்பார். அந்தத் துவாலையால் முகத்தையும் துடைத்துக் கொள்வார் என்பது வேறு கதை.

சேட்டனின் வண்டி இயற்கை எரிவாயுவில் ஓடுவது. தை மாதத்துப் பனிமூட்டக் காலையில் அதைப் பெட்ரோலில் கிளப்பிச் சூடேற்றி, அதன்பின்தான் வாயுவுக்கு மாற்ற வேண்டும். பின்னாலிருக்கும் உருளையை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தேதியை அவர் தம் திருமண நாளைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார். பீகார் இளைஞரோ பட்டை வில்கள் கிறீச்சிடாமல் இருக்க அவற்றின்மேல் கழித்த இஞ்சின் எண்ணெயைப் பூசுவார். எண்ணெய் ரப்பர் புஷ்களைத் தின்றுவிடும் என்று சர்தார்ஜி கடிந்து கொள்வார். இந்த வழக்கு இரண்டாண்டு நடந்தது. ஓசை நின்றது உண்மை. ஆறு மாதத்தில் புஷ்கள் போனதும் உண்மை. ஆகவே இருவரும் வென்றதாகச் சொல்லிக் கொண்டார்கள்.

என் வண்டியின் முதல் நோய் சூடு. ஓடும்போது காற்று பட்டு இஞ்சின் குளிர்ந்து விடும். நெரிசலில் ஊர்ந்தால் முள் மேலே ஏறும். ரேடியேட்டருக்கு முதலாண்டு முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி வந்தேன். தனிக் குளிர்விப்பு நீர்மம் வாங்குவது வீண் செலவு என்பது என் எண்ணம். எங்கள் பகுதி நீரோ, சோறு வடிக்கும் பாத்திரத்திலேயே வெள்ளைப் படலம் கட்டுவது. சர்தார்ஜி ரேடியேட்டரைக் கழற்றித் தரையில் கவிழ்த்துத் தட்டினார். சுண்ணாம்புச் சில்லுகள் உதிர்ந்தன. "பாபுஜி, நூறு ரூபாய் மிச்சப்படுத்தி ஆயிரம் ரூபாய்ச் சுண்ணாம்பு வாங்கியிருக்கிறீர்கள்" என்றார். விசிறியைத் தானே முடுக்கும் சுவிட்சும் பழுதாயிருந்தது. புதியது கிடைக்கும் வரை கைக்கெட்டும் இடத்தில் தனிச் சுவிட்ச் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். அந்தத் தற்காலிக ஏற்பாடு ஏழாண்டு நீடித்தது. அரசு ஊழியனுக்கு இதில் வியப்பில்லை.

இப்படிக் கற்றுக் கற்று மூன்றாண்டில் என் வண்டி ஒழுங்காக ஓடத் தொடங்கியது. எனக்கும் சற்றுத் தலை கனத்துவிட்டது. 2011 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேட்டனின் கிளட்ச் கம்பி அறுந்து பிள்ளைகளை அரைமணி தாமதமாகக் கொண்டு சேர்த்த செய்தியைச் சொல்லி வருந்திக் கொண்டிருந்தார். நான் தேநீரை உறிஞ்சியபடி, "முறையாகப் பார்த்துக் கொள்கிறவனுக்கு வண்டி தொல்லை தராது" என்று சொன்னேன். அலுவலகத்தில் இளநிலை எழுத்தருக்குக் குறிப்பு எழுதும் அதே தொனி. சேட்டன் ஒன்றும் சொல்லவில்லை.

அதே வாரம், திருச்சியிலிருந்து திருக்குறள் விரைவு வண்டியில் வரும் மாமாவை அழைத்து வர நிஜாமுதீன் நிலையத்துக்குப் புறப்பட்டேன். தம்பியைப் பார்க்கும் ஆவலில் அம்மாவும் உடன் வந்தார். நடு இருக்கையில் இடப்பக்கக் கதவோரம் அமர்ந்திருந்தார். மூல்சந்த் மேம்பாலத்தில் ஏறுகையில் விசையைக் கூட்டினேன். பின்னாலிருந்து காற்று குபீரென்று வந்தது. "தம்பி, கதவு தானா திறக்குதுப்பா" என்று அம்மாவின் குரல். நான் திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தேன். திறந்த கதவு அதே வேகத்தில் முன்னால் ஓடிவந்து அறைந்து சாத்தியது. அம்மாவின் கை அதில் இல்லை, முந்தானை இருந்தது. ஒரு முழம் கிழிந்தது.

இந்த வகைக் கதவின் இயல்பு இதுதான். அது பின்புறமாக வழுக்கித் திறப்பது. ஆகவே வண்டி சட்டென்று முன்னே பாய்ந்தாலோ மேட்டில் ஏறினாலோ, பூட்டு சரியாக விழாத கதவு பின்னால் ஓடித் திறக்கும். பிரேக் பிடித்தால் முன்னால் ஓடி மூடும். கதவைத் தாங்கும் உருளைகள் ஆண்டுக்கணக்கில் தேய்ந்து, கதவு ஒரு நூல் அளவு தொங்கிவிட்டால் போதும். பூட்டின் நாக்கு கொக்கியில் முழுதும் விழாமல் பாதியில் நிற்கும். பார்வைக்குக் கதவு சாத்தியே இருக்கும். காதுக்குத்தான் தெரியும். முழுதாகப் பூட்டிய கதவு 'டப்' என்று கனத்த ஒற்றை ஓசை தரும். பாதி பூட்டியது 'டிக்' என்று மெலிதாகச் சொல்லும். என் கதவு பல வாரங்களாக 'டிக்' என்றுதான் சொல்லியிருக்கிறது. உருளைகளை ஒருநாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. குறை வண்டியினுடையதன்று, என்னுடையது.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக் காஷ்மீரி கேட் கடைவீதியில் உருளைகள் வாங்கி, தெரியாத பட்டறை ஒன்றில் பொருத்திக் கொக்கியையும் சரி செய்து கொண்டேன். தெரிந்த இடத்துக்குப் போகாததன் காரணத்தை அன்பர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

அடுத்த ஞாயிறு சர்தார்ஜி ஊரில் இல்லை. உறவினர் திருமணத்துக்காகப் பஞ்சாப் போயிருந்தார். சேட்டன்தான் பேச்சைத் தொடங்கினார். மைத்துனன் கதையெல்லாம் அவரிடம் கிடையாது. "என் வண்டியின் இடக் கதவு இரண்டு நாளாக வேறு மாதிரி ஓசை தருகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா?" என்று கேட்டார். தாதா தண்டவாளத்தில் எண்ணெய் விடச் சொன்னார். பீகார் இளைஞர் இன்னும் ஓங்கிச் சாத்தச் சொன்னார். சேட்டன் என்னைப் பார்த்தார். விடை என் நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், போன ஞாயிறு நான் பேசிய பேச்சு என்னாவது? "பார்த்துக் கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், விளக்கு பச்சையானதும் சேட்டன் வண்டியை எடுத்தார். கதவு பின்னால் ஓடித் திறந்தது. கதவோரம் இருந்தவன் ஏழு வயதுச் சிறுவன். பக்கத்தில் இருந்த பெரிய வகுப்புப் பெண் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கொண்டாள். அவன் பை மட்டும் சாலையில் விழுந்தது. பின்னால் வந்த ஆட்டோவின் சக்கரம் அதன்மேல் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை சேட்டன் அந்தச் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டு வந்து, தூக்கி வைத்த இருக்கையின்மேல் வைத்தார். எவர்சில்வர் டப்பா, தட்டையாகி, மூடியும் அடியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. அந்த வீட்டார் புதியதாக வாங்கித் தந்த விலையை ஏற்கவில்லையாம். இதை மட்டும் கொடுத்தனுப்பினார்களாம். மூன்று பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். ஊரிலிருந்து திரும்பியிருந்த சர்தார்ஜி கதவை இரண்டு முறை சாத்தித் திறந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "உருளை" என்றார். ஒரே சொல்.

அப்போது நான் சொன்னேன். மேம்பாலத்தையும், கிழிந்த முந்தானையையும், அரைநாள் விடுப்பையும், ஞாயிறு கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தே பேசாமலிருந்ததையும் சொன்னேன். தாதா தரையைப் பார்த்துக் கொண்டிருந்தார். சேட்டன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உருளை என்ன விலை? எந்தக் கடை?" என்று கேட்டார். மறுநாள் நானே உடன் போய் வாங்கித் தந்தேன், பணம் கொடுக்க முயன்றேன், வாங்க மறுத்துவிட்டார். அதுவரை என்னைத் 'தம்பி' என்று அழைத்து வந்தவர் அன்று முதல் 'சார்' என்று அழைக்கலானார். இன்றும் நல்ல நண்பர்தாம். இன்றும் 'சார்'தான்.

அதற்குப் பின் நான் ஒரு காரியம் செய்தேன். எழுத்தன் செய்யக்கூடிய காரியம் அது ஒன்றுதான். இருநூறு பக்கக் கணக்குப் புத்தகம் ஒன்றில், எல்லாரும் படிக்கும்படி இந்தியில், கோளாறு, முன்னறிகுறி, காரணம், மருந்து, செலவு, யார் வண்டி, என்ன தேதி என்று பத்தி பிரித்துப் பதிவு செய்யத் தொடங்கினேன். முதல் பதிவு என் வண்டி. முதல் பக்கம் கதவு. கிளட்சை விட்டதும் கீழே 'டக்' என்று தட்டினால் தண்டின் இணைப்பில் உள்ள சிலுவை தேய்ந்தது என்று பொருள். பின்கியர் விழ மறுத்து நறநறத்தால் முதலில் ஒரு முன்கியரில் போட்டு எடுத்துவிட்டுப் பின்கியரைப் போட வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது. இதைப் பீகார் இளைஞர் வெந்த முன்கையைக் காட்டியே பதிவு செய்வித்தார். மைத்துனர்கள் மெல்ல மெல்லப் புத்தகத்திலிருந்து மறைந்தார்கள். அவரவர் வண்டி எண்ணே இடம்பெறலாயிற்று.

அம்மா 2016-இல் மறைந்தார். வண்டிக்கும் காலம் நெருங்கியது. பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகர வட்டாரத்தில் ஓடலாகாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் ஆணையிட்டிருந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. என் வண்டிக்கு அந்த டிசம்பரில் பதினைந்து நிறைகிறது. மாயாபுரிப் பழைய இரும்புக்குப் போடலாம். அல்லது தடையின்மைச் சான்று பெற்று வேறு மாநிலத்தவருக்கு விற்கலாம். நவம்பரில் குமாவுன் மலைப்பகுதியிலிருந்து ஒருவர் வந்தார். காய்கறியும் ஊராரையும் ஏற்றி ஹல்துவானி வரை போய்வர வேண்டுமாம்.

மலை என்றதும் எனக்கு மேம்பாலம் நினைவுக்கு வந்தது. அந்த வண்டி அங்கே நாள் முழுவதும் ஏறிக் கொண்டேதான் இருக்கும். அன்றிரவு புத்தகத்திலிருந்து என் வண்டிக்குரிய பதிவுகளை எல்லாம் நான்கு தாளில் படியெடுத்தேன். என் மனைவி பின்னால் நின்று படித்துவிட்டு, "இதை எழுதிக் கொடுத்தால் யார் வாங்குவார்கள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். காலையில் வந்தவர் நான்கு தாளையும் நிதானமாகப் படித்தார். இடக் கதவை ஏழெட்டு முறை சாத்திப் பார்த்தார். பேசிய விலையில் ஐயாயிரம் குறைத்தார். நான் ஒப்புக்கொண்டேன். மனைவி அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை.

சென்ற 2025-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். ஏழாண்டுக்குப் பின் வந்த குரல். வண்டியின் பெயரைச் சொன்ன பிறகே ஆளை அறிந்தேன். வண்டியில் பெட்ரோல் வாடை வருகிறதாம். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறதாம். என் தாளில் அது இல்லையாம். எனக்கு விடை தெரியவில்லை. "நாளை சொல்கிறேன்" என்று வைத்துவிட்டுச் சர்தார்ஜியிடம் போனேன். எண்பதை நெருங்கும் அவர் இப்போது கட்டிலை விட்டு அதிகம் எழுவதில்லை. கேட்டதும் கண்ணை மூடிக் கொண்டு சொன்னார்: இப்போது வரும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், பழைய ரப்பர்க் குழாய்களை அது உப்ப வைக்கும், வெடிக்கச் செய்யும், தொட்டியில் படிந்த பழைய கசடையும் கரைத்துக் கொண்டு போய் வடிகட்டியை அடைக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றச் சொல். வடிகட்டியையும் மாற்றச் சொல். வாடை நிற்கும் வரை ஓட்ட வேண்டாம் என்று சொல்.

அப்படியே சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எழுதிக் கொண்டார். பேச்சு முடிந்தபின், கதவு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இருங்கள்" என்று சொல்லி நடந்து போகும் ஓசை கேட்டது. பிறகு தொலைபேசியின் வழியே கதவு தண்டவாளத்தில் ஓடிவரும் உருளல். அதன் முடிவில் 'டப்' என்று ஒற்றை ஓசை. "கேட்டதா?" என்றார். கேட்டது என்றேன். அன்றிரவு புத்தகத்தைத் தேடி எடுத்து, எத்தனால் செய்தியைத் தேதியிட்டுப் பதிவு செய்தேன். வண்டி எண் என்ற இடத்தில் இப்போதைய மலைநாட்டு எண் தெரியாததால், பழைய தில்லி எண்ணையே எழுதி வைத்தேன்.